பாடம் கடைமடை சேர்ந்ததா?

மேட்டூரில் மதகு திறந்த செய்தி வந்ததும் தஞ்சைப் பக்கத்தில் யாரும் உடனே மகிழ்ந்துவிடுவதில்லை. கல்லணைக்கு எப்போது வரும், அங்கிருந்து பிரிந்து நம் வாய்க்காலுக்கு எப்போது வரும், கடைமடைக்கு வந்து சேருமா சேராதா என்றுதான் பேசிக்கொள்வார்கள். திறந்தது வேறு, சேர்ந்தது வேறு என்பது காவிரிப் பாசனக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் அன்று.

2020-ஆம் ஆண்டு ஜூன் 12-இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில் மேட்டூர் திறக்கப்பட்டது. ஜூன் 16-இல் கல்லணையும் திறந்தது. வயல்களில் குறுவை வேலை மும்முரமாயிற்று. ஆனால் அதே ஜூனில் திறந்திருக்க வேண்டிய இன்னொரு கதவு திறக்கவில்லை. கொரோனாத் தொற்றின் காரணமாக அந்த மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய பத்தொன்பது மாதங்கள்! இடையில் பாடம் நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் வந்தது, கைபேசியில் வந்தது, பாடநூலில் அச்சிட்ட கட்டக் குறியீட்டைக் கைபேசியால் படம் பிடித்தால் அங்கேயும் வந்தது. தலைமடையில் தண்ணீர் தாராளமாகவே திறந்துவிடப்பட்டது. கடைமடையில் என்ன ஆயிற்று என்பதை ஓர் இயற்பியல் ஆசிரியனின் கண்ணோடு இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

திறந்த சுற்றும் மூடிய சுற்றும்

வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதுகிறார். திரும்பி வந்து முகங்களைப் பார்க்கிறார். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் புருவத்தைச் சுருக்குகிறான். ஆசிரியர் வாயிலிருந்து அடுத்த வாக்கியம் மாறி வருகிறது. "சரி, இன்னொரு மாதிரி சொல்கிறேன்." பாடம் போவதற்கும் அதன் விளைவு திரும்பி வருவதற்கும் இடையே சில நொடிகள்தான். விளைவு தொடக்கத்துக்கே திரும்பி வந்து அடுத்த செயலைத் திருத்துவதைப் பின்னூட்டம் என்கிறோம். பின்னூட்டம் உள்ள அமைப்பு மூடிய சுற்று. இல்லாதது திறந்த சுற்று. சலவைப் பெட்டியில் சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, குறைந்தால் மீண்டும் சேர்க்கும் சிறு உலோகப் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

தொலைக்காட்சிப் பாடம் திறந்த சுற்று. பாடம் நடத்துகிறவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் சரி, திரைக்கு இந்தப் பக்கம் சுருங்கும் புருவம் அவருக்குத் தெரியப்போவதில்லை. இதை அவருடைய குறையாகச் சொல்லக் கூடாது. வழி ஒருபக்க வழி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நானும் கைபேசித் திரைக்கு முன் உட்கார்ந்து கல்லூரி மாணவர்களுக்கு மின்காந்தவியல் நடத்தினேன். திரையில் அறுபது பெயர்கள். ஒரு முகம்கூட இல்லை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் "புரிந்ததா?" என்று கேட்பேன். "எஸ் சார்", "எஸ் சார்" என்று வரிசையாக எழுத்தில் வரும். மனம் குளிரும். பிறகு நேரில் அவர்களைச் சந்தித்து ஒரு சுருளின் வழியே காந்தப்பாயம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டபோதுதான், அந்த "எஸ் சார்"களின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. எந்த நிலையிலும் ஒரே விடையைத் தரும் அளவுகருவி எதையும் அளப்பதில்லை. பழுதான அம்மீட்டர் எப்போதும் சுழியைக் காட்டும். என்னுடையது எப்போதும் "எஸ்" காட்டியது. கேள்வியை அப்படி அமைத்தவன் நான்தான்.

தஞ்சைக்குப் புதிதல்ல

தூரத்திலிருந்து கற்பிப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கணினிக் காலத்தை நினைக்கிறார்கள். தஞ்சைக்காரர்கள் அதற்கு முன்பே இதில் தேர்ந்தவர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1965-இல் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. ஜப்பானிய வகையையும் இந்திய வகையையும் கலந்து உண்டாக்கிய நெல் அது. புதிய நெல், நாற்றின் வயது, நடவு இடைவெளி, உரமிடும் நேரம் எல்லாம் புதிது. இவற்றை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்வதில் திருச்சி வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் மக்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு இன்றும் அந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

வானொலியும் ஒருபக்க வழிதானே, அது மட்டும் எப்படி வென்றது? வானொலி தனியாக வேலை செய்யவில்லை என்பதே விடை. விவசாயிகள் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். விடை வானொலியில் வந்தது. கிராம சேவகர் வரப்பில் வந்து நின்றார். டீக்கடையில் நாலு பேர் கூடிக் கேட்டு, "அவன் சொன்னான், நீ செய்து பார்த்தாயா?" என்று விவாதித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிரே விடை சொன்னது. போகும் வழி வானொலி. திரும்பும் வழி தபாலும், மனிதரும், வயலும். சுற்று மூடியிருந்தது.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு இந்தியாவில் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் காட்டிய பெரும் சோதனையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று திரும்ப, அந்தச் சமிக்ஞைக்கு ஆன நேரம் கால் நொடி. பாடம் கிராமத்தை அடையக் கால் நொடி போதும். அது பிள்ளைக்குப் புரிந்ததா என்ற சேதி திரும்பி வர எவ்வளவு நாள்? அதற்கு ஒளியின் வேகம் உதவாது.

ஒரு வீடு, ஒரு கைபேசி

இனி வீட்டுக்குள் வருவோம். நாட்டின் கிராமப்புறங்களில் 'ஏசர்' கணக்கெடுப்பு நடத்துபவர்கள் கண்டதைப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் வீட்டில் திறன்பேசி உள்ளவர்கள் 2018-இல் 36.5 விழுக்காடு, 2021-இல் அது 67.6 ஆக உயர்ந்தது. ஆனால் அப்படித் திறன்பேசி உள்ள வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. காரணத்தை நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கைபேசி அப்பாவோடு வயலுக்குப் போயிருக்கும்.

ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டிலும் அதே நிலை. ஒரே கைபேசி, அது அத்தானின் சட்டைப் பையில். டிராக்டர்காரரும் உரக்கடைக்காரரும் அதில்தான் அழைக்க வேண்டும். அவர் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகும். பகல் பதினொரு மணிக்கு நேரடி வகுப்பு என்று அறிவித்தால், மூன்றாம் வகுப்பில் இருந்த என் மருமகளுக்கு அது மேட்டூரில் மட்டும் ஓடிய தண்ணீர்.

கைபேசி வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வீட்டுக்குள் சமிக்ஞை எட்டாது; திண்ணைக்கு வர வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 2,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 சென்டிமீட்டர்தான். பொதுவாக, அதிர்வெண் கூடக் கூட சுவரும் காங்கிரீட் கூரையும் ஈரமான இலைகளும் அலையை அதிகமாக உறிஞ்சும். தென்னந்தோப்புக்கு நடுவே மழைக்காலத்தில் படம் சுற்றிச் சுற்றி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து அளவுக் கணக்கு. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் சுமாரான வீடியோ வகுப்பு முக்கால் மணி நேரம் நடந்தால் 2,700 மெகாபிட். எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 337 மெகாபைட். நாளுக்கு மூன்று வகுப்பு என்றால் ஒரு கிகாபைட் தீர்ந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் சொல்லவே வேண்டாம். குரல் செய்திக்கு நொடிக்கு 16 கிலோபிட் போதும். ஒரு நிமிடக் குரல் செய்தி 120 கிலோபைட்டுக்குள் அடங்கும். அதாவது ஒரே ஒரு வீடியோ வகுப்பின் இடத்தில் 2,800 குரல் செய்திகளை அனுப்பலாம். எளிய வழி ஏழைகளுக்கான மாற்று என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

குறுஞ்செய்தியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட். ஆகவே 160 எழுத்துகள். தமிழ்க் குறியீட்டுக்கு 16 பிட். ஆகவே 70 குறியீடுகள்தான். அதிலும் 'நாளை' என்று நாம் இரண்டெழுத்தாக எண்ணுவது கைபேசிக்கு ந, கால், ள, ஐகாரக் கொம்பு என நான்கு. ஆக ஒரு செய்தியில் தமிழில் நாற்பது எழுத்து எழுதுவதே பெரிது. இதற்குப் பயந்து பள்ளிகள் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழிலோ செய்தி அனுப்பினால், வாங்கும் தாய் அதைப் பிள்ளையிடமே நீட்டிப் படிக்கச் சொல்ல வேண்டியதாகிறது. பிள்ளையைப் பற்றிப் பள்ளி அனுப்பும் செய்தியைப் பிள்ளையே மொழிபெயர்த்தால் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும்!

ஈர்க்குச்சிக் கழித்தல்

என் மருமகளின் ஆசிரியை வேறு வழி கண்டார். வாரத்துக்கு ஒரு நாள், இரவு ஏழு மணிக்குமேல், ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். வீடியோ இல்லை, வெறும் தொலைபேசிப் பேச்சு. ஒரு முறை நான் அங்கே இருந்தேன். அக்காள் ஒலிபெருக்கியை அழுத்தித் திண்ணையில் வைத்தாள்.

"அம்பத்திரண்டுல முப்பத்தேழு போனா எவ்வளவும்மா?"

"இருபத்தஞ்சு டீச்சர்."

நானாக இருந்தால் "தப்பு" என்றிருப்பேன். அவர் சொல்லவில்லை. "எப்படிப் போட்டே? டீச்சருக்குச் சொல்லு" என்றார்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல மூணு போனா ரெண்டு."

விளங்கிவிட்டது. கடன் வாங்க வேண்டிய இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதே விதி என்று அவள் தானாக முடிவு செய்திருந்தாள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். நாளுக்குப் பத்துக் கணக்காகப் பன்னிரண்டு நாள் போட்டிருந்தாள். கடன் வாங்க வேண்டிய கணக்கு ஒவ்வொன்றிலும் அதே தவறு, அழகான கையெழுத்தில்! பயிற்சி நல்லதுதான். திருத்தம் இல்லாத பயிற்சி தவறை நெட்டுருச் செய்கிறது.

ஆசிரியை என் அக்காளிடம், "அக்கா, விளக்குமாத்து ஈர்க்குச்சி இருக்கா? பத்துப் பத்தாக் கட்டி வையுங்க" என்றார். அம்பத்திரண்டு என்பது ஐந்து கட்டும் இரண்டு குச்சியும். அதிலிருந்து ஏழு குச்சி எடுக்கச் சொன்னார். இரண்டுதான் இருக்கிறது. பாப்பா சற்று நேரம் விழித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு கட்டைப் பிரித்தாள். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து; மிச்சம் நாலு கட்டில் மூன்று கட்டு போக ஒன்று. பதினைந்து. மொத்தம் ஒன்பது நிமிடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்காள் அடுத்த வாரம் முழுவதும் ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்டாள். என்ன கேட்க வேண்டும் என்பது அவளுக்கு இப்போது தெரியும்.

இது ஒரு வீட்டுக் கதை. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் 2020-இல் ஏறத்தாழ 4,500 குடும்பங்களில் இதையே முறையாகச் சோதித்தார்கள். குடும்பங்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள். இரண்டாம் பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துக்கொண்டு 15, 20 நிமிடத் தொலைபேசிப் பேச்சும் இருந்தது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பேச்சும் சேர்ந்தவர்களிடம் 0.12 திட்ட விலக்க அளவுக்கு முன்னேற்றம் இருந்தது. மதிப்பெண் வரிசையில் நூறு பேரை நிறுத்தினால், நடுவில் ஐம்பதாவதாக நிற்பவன் ஏறத்தாழ நாற்பத்தைந்தாம் இடத்துக்கு முன்னேறுவதாக வைத்துக்கொள்ளலாம். பிரமாதமான பாய்ச்சல் இல்லை. ஆனால் பள்ளியே இல்லாத காலத்தில், சாதாரணத் தொலைபேசியால் கிடைத்தது இது. செய்தி ஒருபக்கம் போயிற்று. பேச்சு இருபக்கமும் போயிற்று. வேறுபாட்டின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தாமதம் செய்யும் கேடு

பின்னூட்டம் இருந்தால் மட்டும் போதாது. காலத்தில் வர வேண்டும். கடைமடையில் தண்ணீர் இல்லை என்ற புகார் தலைமடைக்கு நான்கு நாள் கழித்துப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லஸ்கர் ஷட்டரை நன்றாக ஏற்றிவிடுகிறார். அதற்குள் முதலில் விட்ட தண்ணீரே கடைமடையை அடைந்திருக்கும். பின்னால் வருவதும் சேர்ந்து நாற்றை மூழ்கடிக்கும். உடனே "அடை, அடை" என்று குரல். அடைத்தால் அடுத்த வாரம் வறட்சி. தாமதமான பின்னூட்டம் அமைப்பை நிலைநிறுத்தாமல் ஊசலாட்டும் என்பது கட்டுப்பாட்டியலின் அடிப்படை உண்மை.

வீடுகளில் நடப்பதும் இதுவே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரேங்க் கார்டு வருகிறது. அதுவரை அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. கணக்கில் முப்பது என்று பார்த்ததும் ஷட்டர் முழுவதும் ஏறுகிறது: அடி, ஏச்சு, டியூஷன், விளையாட்டுக்குத் தடை. பிள்ளையின் தவறோ இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கழித்தலில் தொடங்கியது. அதை அப்போதே ஒன்பது நிமிடத்தில் முடித்திருக்கலாம். பள்ளியும் வீடும் பேசிக்கொள்வது என்றால் பலருக்கும் பெற்றோர் கூட்டமும் புகாரும்தான் நினைவுக்கு வருகின்றன. "உங்கள் பிள்ளை சரியாகப் படிப்பதில்லை" என்பதில் தகவல் மிகக் குறைவு. "கடன் வாங்கும் கழித்தலில் தடுமாறுகிறாள்" என்பதில் தகவல் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு தாய் ஏதாவது செய்ய முடியும்.

தகவலில் இரைச்சல் கலக்கும்போது என்ன செய்வது என்பதை 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் கணிதமாக்கினார். சுருங்கச் சொன்னால், திரும்பச் சொல்வதும் சரிபார்ப்பதும் வீண் அல்ல. அவை தகவலின் காப்பு. ரயில் நிலைய அதிகாரிகள் வண்டியை அனுமதிக்கும்போது ஒருவருக்கொருவர் தனி எண் ஒன்றைச் சொல்லி உறுதி செய்துகொள்வதை நினைத்துப் பாருங்கள். வெறும் "சரி"யை அங்கே யாரும் ஏற்பதில்லை. பிள்ளையிடமும் "புரிந்ததா?" என்று கேட்டால் வெறும் "சரி"தான் கிடைக்கும். "இன்றைக்கு டீச்சர் சொன்னதை எனக்குச் சொல்லு" என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கேட்டாலும், பிள்ளை எந்த இடத்தில் திக்குகிறாளோ அந்த இடம் பாட்டிக்குத் தெரிந்துவிடும். விடை சரியா என்று பாட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை. திக்கிய இடத்தை ஆசிரியருக்குச் சொன்னால் போதும்.

பள்ளி திறந்த பிறகு

2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டத்தில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. ஊரிலுள்ள தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலையில் தெருப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆய்ந்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணிதத்தில் 0.73 திட்ட விலக்க அளவும் மொழியில் 0.34 அளவும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மொழியைவிடக் கணிதத்தில் இழப்பு இரு மடங்குக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். தமிழை வீடு நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்கிறது. கழித்தலைத் திருத்த வீட்டில் ஆளில்லை. ஆய்வாளர்கள் இப்படிச் சொல்லவில்லை. இது என் ஊகம்.

கொரோனா போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். டெல்டாவில் அப்படிக் கேட்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியலில் வந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதிகளில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கோபுரங்களுக்கு மின்சாரம் இல்லாமல் கைபேசிகளும் ஊமையாயின. அந்த நாட்களில் ஆசிரியர்கள் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்ததுதான் ஒரே வழி. புயல் இல்லாத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை தவறாமல் வரும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் ஓடும், பிள்ளைகள் குதிப்பார்கள்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு விடுமுறையில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில். கணக்கைத் தாளில் போட்டு, அருகில் 'இந்த வரி வரை புரிகிறது, இதற்கு மேல் இல்லை' என்று கோடு கிழித்து, படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கைபேசி அத்தானுடையதுதான். மழை என்பதால் அவர் வயலுக்குப் போகவில்லை.